வட்டிக்கு வரம்பில்லை, நாட்களுக்கு உண்டு: இந்தியாவில் கிரெடிட் கார்டு விதிகள், ஓர் அறிமுகம்

உங்கள் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். எங்காவது ஒரு வரி இருக்கும். மாதாமாதம் மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் தீர மாதங்கள், ஏன் வருடங்கள்கூட ஆகலாம், வட்டிக்கு வட்டி ஏறும் என்று. தன் லாபம் எந்தக் குழியிலிருந்து ஊறுகிறதோ, அந்தக் குழியருகே 'இங்கே காலை விடாதீர்கள்' என்று எந்த வியாபாரியும் தானாகப் பலகை நட மாட்டார். வங்கியும் தானாக நடவில்லை. ரிசர்வ் வங்கி நட வைத்திருக்கிறது.

கிரெடிட் கார்டைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு அந்த ஒரு வரி நல்ல மாதிரி. குழியை மூடச் சொல்லவில்லை, பலகை வைக்கச் சொல்லியிருக்கிறது. இந்தியாவில் கார்டு விதிகளின் குணமே இதுதான். எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பதில் சட்டம் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறது. ஆனால் உங்களிடம் கேட்காமல் என்ன செய்யக்கூடாது, எதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் எதை முடிக்க வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறது. ஆகவே இந்த விதிகளைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு தேவையில்லை, காலண்டர் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில், எந்தச் சட்டம்? 'கிரெடிட் கார்டு சட்டம்' என்று தனியாக ஒன்று இங்கே கிடையாது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் 35ஏ பிரிவு, வங்கிகளுக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை ரிசர்வ் வங்கிக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தை வைத்து 2022 ஏப்ரல் 21 அன்று ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு இரண்டுக்கும் சேர்த்து விரிவான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 2022 ஜூலை 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன, சில பகுதிகளுக்கு மட்டும் அக்டோபர் வரை அவகாசம் தரப்பட்டது. 2024 மார்ச்சில் சில திருத்தங்கள் வந்தன. அப்புறம் 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி தன் பழைய சுற்றறிக்கைகளை ஒட்டுமொத்தமாகத் தொகுத்து, நிறுவன வகைவாரியாகப் பிரித்து மறுபடி வெளியிட்டது. இணையத்தில் தேடும்போது ஒரே விதி இரண்டு மூன்று பெயர்களில் வந்து குழப்பினால் காரணம் இதுதான்.

'நாடாளுமன்றம் போட்ட சட்டமா இது, வெறும் சுற்றறிக்கைதானே' என்று நினைக்க வேண்டாம். 2020 டிசம்பரில், டிஜிட்டல் சேவை அடிக்கடி முடங்கியதைக் காரணம் காட்டி, எச்டிஎஃப்சி வங்கி புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைச் சேர்க்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்து வைத்தது. 2021 ஆகஸ்டில்தான் அந்தத் தடை தளர்ந்தது. பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றவில்லை என்று 2021-ல் மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப் மூன்றுக்கும் புதிய வாடிக்கையாளர் சேர்க்கைக்கே பூட்டு விழுந்தது. சுற்றறிக்கைக்குப் பல் உண்டு.

கேட்காத கார்டு

சரி, ஒரு கார்டின் ஆயுளோடு சேர்ந்தே போவோம். பிறப்பிலிருந்து.

நீங்கள் கேட்காமல் கார்டு அனுப்பக்கூடாது. இது தடை, வேண்டுகோள் அல்ல. கேட்காமல் கார்டு கொடுத்தோ, இருந்த கார்டை உங்கள் சம்மதம் இல்லாமல் 'உயர்ந்த' கார்டாக மாற்றியோ அதற்குக் கட்டணம் போட்டுவிட்டால், அந்தக் கட்டணத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு விடவில்லை. திரும்ப எடுத்த தொகையைப் போல இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய் போட்டிருந்தால், அந்த ஆயிரம் நீங்கும், மேலே 2,000 உங்கள் கைக்கு வரும். நேர விரயம், அலைச்சல், மன உளைச்சல் ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம்.

எனக்கும் ஒருமுறை இப்படி ஓர் உறை வந்தது. வங்கியின் பெயர் வேண்டாம். 'ஆயுள் முழுக்க இலவசம்' என்று தங்க நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். போன் செய்து கேட்டால், 'நீங்கள்தானே சார் ஓகே சொன்னீங்க' என்றார் அந்தப் பக்கத்தில் இருந்தவர். என்றைக்கோ ஒரு விற்பனை அழைப்பை முடிக்கும் அவசரத்தில் 'சரி சரி' என்று சொல்லியிருப்பேன் போல. விதி கேட்பது அந்தச் 'சரி சரி' அல்ல, தெளிவான, வெளிப்படையான சம்மதம். எழுத்திலோ, ஓடிபி போன்ற சரிபார்ப்போடு கூடிய டிஜிட்டல் முறையிலோ அது பதிவாகியிருக்க வேண்டும்.

கார்டு வழங்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்கு மேல் நீங்கள் அதை ஆக்டிவேட் செய்யவில்லை என்றால், ஆக்டிவேட் செய்யலாமா என்று வங்கி உங்களிடம் ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் தரவில்லையா, கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் அந்தக் கணக்கைக் கட்டணமின்றி மூடிவிட வேண்டும். லிமிட் விஷயமும் இதே கதைதான். 'வாழ்த்துகள், உங்கள் லிமிட் இரண்டு லட்சமாக உயர்ந்துவிட்டது' என்று உங்களைக் கேட்காமல் உயர்த்த முடியாது. லிமிட்டைத் தாண்டிச் செலவு செய்ய அனுமதித்துவிட்டு, அதற்குக் கட்டணம் போடுவதற்கும் முன்கூட்டியே உங்கள் சம்மதம் வேண்டும். கார்டோடு சேர்த்து நைசாகக் காப்பீட்டை ஒட்டி அனுப்புவதற்கும் அப்படியே.

விற்பனை அழைப்புகளுக்குக்கூட நேரம் உண்டு. கார்டு விற்க அழைப்பவர்கள் காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரைதான் அழைக்கலாம். பாக்கி வசூலிக்க அழைப்பவர்களுக்குக் காலை 8 மணிக்கே வாசல் திறந்துவிடுகிறது. கடன் கொடுக்க வருபவரைவிடக் கேட்டு வருபவர் இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்துவிடுகிறார். அவர்களைப் பற்றிப் பிறகு.

பில்லும் வட்டியும்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். கார்டு வைத்திருப்பவர்களில் ரொம்பப் பேர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது.

'50 நாள் வரை வட்டியில்லை' என்று விளம்பரத்தில் படிக்கிறோம். அது முழு பில்லையும் கட்டுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை உங்களிடமிருந்து நழுவலாம். அப்போது வட்டி, பில்லைக் கட்ட வேண்டிய கடைசித் தேதியிலிருந்து ஓடாது, நீங்கள் பொருள் வாங்கிய நாளிலிருந்து ஓடும். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

கணக்காகவே போட்டுவிடுவோம். ஜூன் 10 அன்று 40,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்குகிறீர்கள். ஜூலை 5 அன்று பில் வருகிறது. கடைசித் தேதி ஜூலை 25. மினிமம் தொகை 2,000 என்று போட்டிருக்கிறது. அதை ஜூலை 25 அன்று ஒழுங்காகக் கட்டிவிடுகிறீர்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம்.

அடுத்த பில் ஆகஸ்ட் 5 அன்று வருகிறது. மீதி 38,000 ரூபாய். ஜூன் 10 முதல் ஆகஸ்ட் 5 வரை 56 நாள். 38,000 ரூபாய்க்கு 42 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி கிட்டத்தட்ட 43 ரூபாய் 73 காசு. 56 நாளுக்கு ஏறக்குறைய 2,449 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 441 ரூபாய். மொத்தம் 2,890. நீங்கள் கட்டியது 2,000, அதற்குள் ஏறியது 2,890. கடைசித் தேதிக்குள் 'ஒழுங்காகக் கட்டியவர்' நீங்கள். லேட் ஃபீ கிடையாது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் ஸ்கோருக்கும் உடனடிச் சேதம் இல்லை. ஆனால் கடன் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த இடைவெளியில் நீங்கள் வாங்கிய புதிய பொருட்களுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விட்டன.

இந்த இடத்தில் சட்டம் என்ன செய்கிறது? நான்கைந்து வேலிகள் போட்டிருக்கிறது.

ஒன்று, மினிமம் தொகையை மட்டும் கட்டிவந்தாலும் கடன் ஊதிக்கொண்டே போகாதபடி அந்தத் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்பது விதி. என் கணக்கில் வந்தது போல முதல் மாதம், வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த வட்டி ஒரே பில்லில் விழும்போது நிலைமை மோசமாகத் தெரியும். வழக்கமான ஒரு மாத வட்டியையாவது மினிமம் தொகை தாண்ட வேண்டும் என்பதே நோக்கம். இரண்டு, கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றின் மேல் வட்டி போடக்கூடாது. மூன்று, பகுதி கட்டியவரிடம், கட்டியதையும் திரும்பி வந்த பணத்தையும் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டுமே வட்டி வாங்கலாம். மேலே நான் 38,000-க்கு மட்டும் வட்டி போட்டது அதனால்தான். நான்கு, முழு பில் கட்டாவிட்டால் வட்டியில்லா நாட்கள் போய்விடும் என்பதை எடுத்துக்காட்டுக் கணக்கோடு வங்கி முன்கூட்டியே விளக்க வேண்டும். உங்கள் கார்டோடு வந்த நிபந்தனைத் தாளில் இப்படி ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இருக்கும், யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். பக்கம் பக்கமான நிபந்தனைகளைப் படிக்க யாருக்குப் பொறுமை என்பது ரிசர்வ் வங்கிக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே வட்டி, கட்டணங்கள் ஆகிய முக்கிய விவரங்களை ஒரே பக்கத்தில் தனியாகத் தரச் சொல்லியிருக்கிறது. வட்டியை ஆண்டு விகிதமாகவும் சொல்ல வேண்டும். 'மாதம் மூன்றரை' என்பது காதுக்கு இதமாக இருக்கும், '42' அப்படி இருக்காது.

அப்புறம் 'நோ காஸ்ட் இஎம்ஐ'. கார்டு செலவைத் தவணையாக மாற்றும்போது அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அந்த வட்டியை ஈடுகட்டக் கடையோ வங்கியோ தரும் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். வட்டியை உள்ளே ஒளித்துவைத்து 'வட்டியே இல்லை' என்று சொல்லக்கூடாது. பில்லில் இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

நாட்கள்: பில் உங்கள் கைக்கு வந்த பிறகு, வட்டி விழுவதற்கு முன் பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும். கடைசித் தேதி தாண்டியவுடனே லேட் ஃபீ போட முடியாது. மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்கு 'பாக்கி' என்று தெரிவிக்கவும் செய்யலாம். அப்படி மூன்று நாள் தாண்டிவிட்டால், தாமத நாட்களைப் பில்லின் கடைசித் தேதியிலிருந்தே எண்ணுவார்கள். இந்த மூன்று நாள் சலுகை லேட் ஃபீக்கும் ஸ்கோருக்கும்தான், வட்டிக்கும் உண்டு என்று விதி சொல்லவில்லை. லேட் ஃபீயைக் கணக்கிடும்போதும், பில்லின் மொத்தத் தொகைக்கு அல்ல, கடைசித் தேதிக்குப் பிறகு நிற்கும் பாக்கிக்கு ஏற்பத்தான் போட வேண்டும்.

கட்டணங்களை வங்கி மாற்றலாம். ஆனால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், பின்தேதியிட்டு மாற்ற முடியாது. மாற்றம் பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுக்க நினைத்தால், அதற்கென்று தனிக் கட்டணம் கேட்கக்கூடாது. ரிவார்டு பாயின்டுகள், விமான நிலைய ஓய்வறை போன்றவை பெரும்பாலும் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம். கார்டைப் பற்றி இணையத்தில் எழுதப்படுவதில் பாதி அவற்றைப் பற்றித்தான் என்பதால், இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

42 சதவீதம், கந்துவட்டி இல்லையா?

நியாயமான கேள்வி. தெருவில் ஒருவர் இந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் நாம் அதற்கு வைக்கும் பெயரே வேறு. வங்கிக்கு ஏன் அந்தப் பெயர் ஒட்டுவதில்லை?

விடை அதே 1949 சட்டத்தின் 21ஏ பிரிவில் இருக்கிறது. வங்கிக்கும் கடன் வாங்கியவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை, வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் மறுபடி திறந்து பார்க்கக்கூடாது என்கிறது அது. 1918-ஆம் ஆண்டின் அதிவட்டிக் கடன் சட்டமோ, மாநிலங்களின் கடன் சட்டங்களோ எதுவும் இதில் குறுக்கே வர முடியாது என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி நுகர்வோர் மன்றத்துக்கும் போனது. 2008 ஜூலை 7 அன்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி வாங்குவது அநியாயம், 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிக நடவடிக்கை என்றது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. வழக்கு அங்கே பதினாறு வருடம் கிடந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதத்தைப் பார்த்துக்கொள்வது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையம் அந்த வேலையைக் கையில் எடுக்க முடியாது, வட்டியைத் தெரிந்தே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதவும் முடியாது என்பது சாரம்.

அந்த ரிசர்வ் வங்கி என்ன சொல்கிறது? எண்ணைச் சொல்லவில்லை. வட்டி நியாயப்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும், ஆகும் செலவையும் எதிர்பார்க்கும் வருமானத்தையும் ஒட்டி இருக்க வேண்டும் என்கிறது. உச்சவரம்பை அந்தந்த வங்கியின் இயக்குநர் குழுவே வகுத்துக்கொள்கிறது. எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். கார்டு அடமானம் இல்லாத கடன், திரும்ப வராத ஆபத்து அதிகம், ஆகவே வட்டியும் அதிகம் என்ற வாதம் புரிகிறது. ஆனால் விலையைத் தொடாமல் விளக்கத்தை மட்டும் கட்டாயமாக்கும் முறை, விளக்கத்தைப் படிக்கிறவரைத்தான் காப்பாற்றும். மினிமம் தொகையில் மாட்டிக்கொள்கிறவர் பெரும்பாலும் படித்துப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை.

திருட்டு நடந்தால்

இங்கே நாட்கணக்கு உங்களைத் துரத்தும்.

நீங்கள் செய்யாத செலவுக்கு மெசேஜ் வருகிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, இழப்பை யார் சுமப்பது என்று வகுத்திருக்கிறது. தவறு வங்கியினுடையது என்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை, நீங்கள் புகார் செய்தாலும் செய்யாவிட்டாலும். தவறு வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கேயோ தகவல் களவு போயிருக்கிறது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் உங்கள் தலையில். ஏழு நாளும் போய்விட்டால் வங்கியின் சொந்தக் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான். நாட்களை எண்ணும்போது மெசேஜ் வந்த நாளைச் சேர்க்கக்கூடாது.

புகார் செய்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியினுடையது. நீங்கள் நிரபராதி என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மோசடி என்று நீங்கள் மறுத்த தொகைக்கு, விவகாரம் தீரும்வரை வட்டியோ கட்டணமோ போடவும் கூடாது.

ஆனால் ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால் கதை மாறிவிடும். அது கவனக்குறைவுக் கணக்கு. வங்கியிடம் தெரிவிக்கும்வரை நடந்த இழப்பு முழுவதும் உங்களுடையது, தெரிவித்த நொடிக்குப் பின் நடப்பது வங்கியுடையது. ஏமாந்துவிட்டோமே என்ற கூச்சத்தில் அரை மணி நேரம் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அந்த அரை மணி நேரம் சட்டப்படி உங்கள் செலவில் ஓடுகிறது. முதலில் கார்டை பிளாக் செய்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லிவிட்டு, அப்புறம் வருத்தப்படலாம்.

வருமுன் காக்கவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2020 அக்டோபர் 1 முதல், புதிய கார்டு வரும்போது உள்நாட்டில் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் செருகிப் பயன்படுத்த மட்டும்தான் திறந்திருக்கும். ஆன்லைன், வெளிநாடு, தட்டிக் கட்டும் வசதி எல்லாவற்றையும் நீங்களே ஆப்பில் திறக்க வேண்டும், வேண்டாதபோது மூடவும் செய்யலாம். வெளிநாட்டுச் செலவே இல்லாதவர் அந்தச் சுவிட்சை ஏன் திறந்து வைத்திருக்க வேண்டும்?

பாக்கி நின்றால்

வசூல் செய்ய வருபவருக்கும் விதி உண்டு. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மறுபடி அழுத்திச் சொன்னது: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. மிரட்டக்கூடாது, திட்டக்கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது, உறவினர், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக்கூடாது. அவர் வெளி ஏஜென்சியின் ஆள்தானே, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று வங்கி கைகழுவ முடியாது. ஏஜென்ட் செய்ததற்கு வங்கியே பொறுப்பு. அழைப்பு வந்த நேரமும் எண்ணும் உங்கள் போனிலேயே இருக்கின்றன. அழிக்காமல் வைத்திருங்கள்.

கடன் வரலாற்றைச் சேமிக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். இவை 2005-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஒவ்வொன்றிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதில் தவறு இருந்து நீங்கள் புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு.

பில்லில் ஏதாவது தொகையைப் பற்றிச் சந்தேகம் என்றால், புகார் செய்த 30 நாளுக்குள் வங்கி விளக்கமும் தேவையான ஆவணமும் தர வேண்டும். பொதுவாக எந்தப் புகாருக்குமே இந்த 30 நாள்தான் முக்கியம். அதற்குள் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையதளம் வழியாகப் போகலாம். செலவில்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும். நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கஸ்டமர் கேரிடம் போனில் கத்தியது புகார் ஆகாது என்று சொல்லவில்லை, ஆனால் அதற்கு ஆதாரம் உங்களிடம் இருக்காது. புகார் எண் வாங்குங்கள், அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள். நாள் எண்ணத் தொடங்கும் இடம் அதுதான். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது. வட்டி விகிதத்தைக் குறைக்கச் சொல்லி அங்கே போக முடியாதே தவிர, சேவைக் குறைபாட்டுக்குப் போகலாம்.

கார்டை மூடுவது

திறக்க ஒரு 'சரி' போதும், மூட ஒன்பது அழைப்பு வேண்டும் என்ற காலம் இருந்தது. இப்போது விதி இப்படி: பாக்கியில்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். உதவி எண், மின்னஞ்சல், இணையதளம், ஆப் என்று பல வழிகளில் கோரிக்கை கொடுக்க வசதி இருக்க வேண்டும். 'தபாலில்தான் கடிதம் அனுப்ப வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது. மூடிய தகவலை உடனே மின்னஞ்சலிலோ மெசேஜிலோ சொல்ல வேண்டும். நீங்கள் கூடுதலாகக் கட்டிய பணம் கார்டில் இருந்தால், அதை உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் கிடக்கும் கார்டை வங்கியே உங்களுக்குத் தெரிவித்துவிட்டு, 30 நாள் பதில் இல்லாவிட்டால் மூடலாம்.

'பாக்கியில்லாத' என்ற சொல்லில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். போன மாதம் மினிமம் கட்டியவர், இந்த மாதம் பில்லில் உள்ள முழுத் தொகையையும் கட்டிவிட்டு மூடச் சொல்வார். பில் வந்த நாளுக்கும் அவர் பணம் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி இன்னும் எந்தப் பில்லிலும் வந்திருக்காது. அடுத்த மாதம் 63 ரூபாய் என்று அது தலைகாட்டும். கார்டு மூடவில்லை, ஏழு நாள் கணக்கும் தொடங்கவில்லை. ஆகவே மூடக் கோரும் அன்று, 'இன்றைய தேதிக்கு, இன்னும் பில்லில் வராத வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு' என்று கேட்டு, அந்தத் தொகையைக் கட்டி, கட்டிய ரசீதோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.